பல் இடுக்கில் ஒரு பொய்

நூலை இரண்டு கை விரல்களிலும் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, கணவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள் கணக்கு டீச்சர்.

"சத்தம் போடாதீங்க. ஒரு நிமிஷத்துல முடிச்சிடறேன்."

"மெதுவாடி... உயிர் போகுது!" என்றார் அவர்.

பயந்துவிட வேண்டாம். பல் இடுக்கில் நூல் விட்டு அழுக்கெடுக்கத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம். பக்கவாதம் வந்ததில் அவருக்குப் பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, வலது கைதான் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நீண்ட லீவு போட்டுவிட்டு, சட்டை மாட்டிவிடுவது முதல் சாப்பாடு ஊட்டுவது வரை எல்லாம் டீச்சர்தான்.

அடுத்ததாக இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும். ஈறில் கிருமி இருந்தால் அது நேரே இதயத்துக்குப் போய்விடும், பல் டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார் பெரிய டாக்டர்.

பல் டாக்டரம்மா இளம் வயது. ஆனால் விவரமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். "நூலை வெடுக்குன்னு இறக்காதீங்கம்மா. பல்லைக் கட்டிப் பிடிச்ச மாதிரி வளைச்சு, மேலும் கீழுமா மெதுவா இழுங்க. முதல்ல கொஞ்சம் ரத்தம் வரும், பயந்துபோய் நிறுத்திடாதீங்க. ஈறு வீங்கியிருக்கறதாலதான் வருது. தினமும் செஞ்சா தானா நின்னுடும்."

ரத்தம் வந்தது. வெள்ளைத் துண்டில் அது சொட்டியதைப் பார்த்ததும் டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நூலை வீசிவிட்டு ஓவென்று அழுதாள். வலியில் முனகிக்கொண்டிருந்தவர் வலியை மறந்து அவளுக்குச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

அதற்கப்புறம் தினமும் சாப்பாடு முடிந்ததும் ஒரு முழம் நூலை இழுத்து அறுத்து விரலில் சுற்றுவாள். அவரும் வாயைத் திறப்பார். துண்டில் பார்த்த ரத்தம் கண்முன் வந்து நிற்கும். "நாளைக்குப் பார்த்துக்கலாங்க" என்று நூலைக் குப்பைக்கூடையில் போட்டுவிடுவாள். அவரும் நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொள்வார்.

நல்லா அழுத்தித் தேய்த்து, மருந்துத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தால் போதாதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். போதாக்குறைக்கு நாத்தனார் வேறு போனில், "நூல் விட்டா பல்லுக்கு நடுவுல சந்து விழுந்துடும் அண்ணி, வேண்டவே வேண்டாம்" என்று தூபம் போட்டாள்.

நூல் டப்பா பாதி மாதத்திலேயே காலியாகிவிட்டது. "அளவுல கூட ஏமாத்தறானுங்க" என்று விற்றவனைத் திட்டிக்கொண்டே இன்னொன்று வாங்கி வைத்தாள்.

"நூல் விடறீங்களாம்மா?" என்று கிளினிக்கிலிருந்து வாராவாரம் கேட்பார்கள். "தவறாம விடறேன்" என்பாள் டீச்சர். போனை வைத்ததும் முகம் சுருங்கிப்போகும். வீட்டுப்பாடம் செய்யாமலே 'செஞ்சேன் மிஸ், நோட்டை மறந்துட்டு வந்துட்டேன்' என்ற பிள்ளைகளை எத்தனை முறை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறாள்! இப்போது அவளை யார் நிறுத்துவது?

சோதனை நாள் வந்தது. அவரைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, விளக்கை இழுத்து, கொக்கி ஊசியால் ஒவ்வொரு ஈறாகத் தொட்டுப் பார்த்தார் டாக்டரம்மா. டீச்சர் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆபரேஷன் தள்ளிப்போய், அதற்குள் இவருக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? என் கோழைத்தனம்தானே இவரைக் கொன்றதாக ஆகும்? அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை.

"டாக்டர், நான் நூலே விடல. போன்ல சொன்னதெல்லாம் பொய். ரத்தத்தைப் பார்த்ததும் பயந்து நிறுத்திட்டேன். என்னை என்ன வேணா திட்டுங்க, இவரை எப்படியாவது காப்பாத்துங்க."

டாக்டரம்மா முகக்கவசத்தை இறக்கினார். "என்னம்மா சொல்றீங்க? ஈறு நல்லா இறுகியிருக்கு. எங்கேயும் ரத்தமே வரல. ஆபரேஷனுக்குச் சரின்னு எழுதப் போறேன்."

"ஆறுதலுக்காகச் சொல்லாதீங்க டாக்டர். வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான். அந்த ஒரு நாளைத் தவிர நான் தொடவே இல்ல."

"கடைவாய்ப் பல் வரைக்கும் யாரோ தினமும் பொறுமையா நூல் விட்டிருக்காங்க. ஒத்தைக் கையால ஆகற வேலையா இது?"

டீச்சர் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். மடியில் அசையாமல் கிடக்க வேண்டிய வலது கை, மெல்ல நகர்ந்து துண்டுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

"எப்போலேருந்துங்க இது?"

அவர் திருதிருவென்று விழித்தார். டாக்டரம்மாவைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், கடைசியில் வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தார்.

"கை சரியாயிடுச்சுன்னு சொன்னா, நீ மறுபடியும் ஸ்கூலுக்குப் போயிடுவியே!"