ஐம்பத்துநாலு கிலோ

“ஏம்மா பிரேமா, உங்க வீட்டுக்காரர் ஜனவரியில எழுபத்திரண்டு கிலோ. பத்து நாள் கழிச்சு ஐம்பத்துநாலு. அடுத்த மாசம் திரும்ப எழுபத்திரண்டு. இது எப்படிம்மா?”

டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் பிரேமா இல்லை, ஞானம்மா. பிரேமா என்பது வரதனின் மனைவி. கட்டிலில் முனகிக்கொண்டிருப்பவனும் வரதன் இல்லை. ஞானம்மாவின் புருஷன் யேசுதாஸ்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி. இருவருக்கும் ஒரே உலை, ஒரே ஷிப்ட். வரதன் பர்மனன்ட், அதனால் ஆஸ்பத்திரிக் கார்டு உண்டு. யேசுதாஸ் கான்ட்ராக்ட், அதனால் வியாதி மட்டும் உண்டு.

மூன்று வருஷமாக ஒரே கார்டில் இரண்டு பேரும் வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள். அதிலிருந்த போட்டோ மங்கிப்போய், யார் முகத்துக்கும் பொருந்துகிற மாதிரி ஆகியிருந்தது.

சீட்டில் எழுதின காலத்தில் யாரும் பழையதைத் தேடிப் பார்த்ததில்லை. போன மாதம் வந்த கம்ப்யூட்டரோ எல்லாச் சீட்டையும் தேதிவாரியாக ஒன்றின்கீழ் ஒன்றாக நிறுத்திவிட்டது. சனியன், எதையும் மறக்கவில்லை.

“ரத்தத்துல கிட்னி வடிகட்ட வேண்டிய உப்பும் கூடுது, குறையுது, திரும்பக் கூடுது. உப்பு கூடின ஆளுக்கு இந்த ஊசி போட்டா கிட்னி போயிடும். போடலைன்னா கால் போயிடும். நான் எதைம்மா நம்புறது?”

உருகின இரும்பு தெறித்த கால். சர்க்கரை உடம்பு வேறு. புண் கணுக்காலைத் தாண்டிக் கறுத்திருந்தது.

உண்மையைச் சொன்னால் வரதனின் வேலை போய்விடும். தன் பெயரில் இன்னொருவன் படுத்திருப்பதால் உள்ளே வர முடியாமல், அவன் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறான். இரண்டு பெண் பிள்ளைகள் அவனுக்கு. கேட்பதற்கு முன்பே கார்டை எடுத்து நீட்டியவன். அவன் சோற்றிலா மண் அள்ளிப் போடுவது?

யேசுதாஸ் மறுபடியும் முனகினான்.

“ஐம்பத்துநாலு கிலோதான் டாக்டரம்மா எங்க ஊட்டுக்காரரு. எழுபத்திரண்டு, கார்டு குடுத்த அண்ணன். அவரு மேல தப்பு இல்லம்மா. நாங்கதான் கெஞ்சி வாங்கிக்கினோம்.”

டாக்டரம்மா திட்டவில்லை. ஐம்பத்துநாலு வருகிற வரிகளை மட்டும் விரல் வைத்துப் படித்தார். உப்பு ஒவ்வொரு தடவையும் சரியாகவே இருந்தது. நர்ஸைக் கூப்பிட்டு ஊசி போடச் சொன்னார்.

ஞானம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

டாக்டரம்மாவின் விரல் மட்டும் திரையை விட்டு எழவில்லை. எழுபத்திரண்டு கிலோ வரிகள் மிச்சமிருந்தன. அவற்றில், ஒன்றையொட்டியே இருக்க வேண்டிய உப்பு ஒன்றரை, பிறகு மூன்று, பிறகு நாலரை.

ஒவ்வொரு தடவையும் ‘மறுபடி ரத்தம் பார்க்கவும்’ என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அடுத்து அந்தக் கார்டோடு வந்து ரத்தம் கொடுத்தவன் யேசுதாஸ். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

“மூணு வருஷமா அந்த ஆளுக்குக் கிட்னி போய்க்கிட்டே இருந்திருக்கும்மா. முகம், கால் எல்லாம் வீங்குதா? அவரை உடனே வரச் சொல்லுங்க.”

பர்மனன்ட் ஆளுக்குக் கன்னம் எப்படிப் பூரிக்கிறது பார் என்று போன வாரம்தான் ஞானம்மா பிரேமாவிடம் சிரித்துச் சொல்லியிருந்தாள்.

அவள் வெளியே வந்தாள். வரதன் ஓடிவந்தான்.

“இன்னா ஞானம், கால் பொழச்சிக்குமா?”

தலையாட்டினாள். கண்ணீர் வந்தது. கதவு பக்கம் கையைக் காட்டினாள்.

“அண்ணே, டாக்டரம்மா உங்கள உள்ள கூப்புடுறாங்க.”

வரதனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாகத்தான் அவன் நினைத்தான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

“மாட்டிக்கினோமா? உடு. இந்த வேலை போனா வேற வேலை. இதுக்குப் போய் அழுவாங்களா?” என்று அவளைத் தேற்றிவிட்டு உள்ளே போனான்.