திண்டுக்கல் பூட்டு

பூட்டில் ஒரு கையுறை ஒட்டிக்கொண்டிருந்தது.

சிவப்புக் கம்பளி. பெண் கையளவு. ஈரத்தோடு இரும்பைப் பிடித்த இடத்திலேயே உறைந்து, இழுத்தாலும் வரவில்லை.

இரவெல்லாம் வெளியே தங்கி வீடு திரும்பியவன் சாவியை எடுக்கவில்லை.

நேற்று மதியம் தொடங்கிய பனிப்புயல் விடிந்த பிறகுதான் ஓய்ந்திருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. கதவடியில், காற்றுக்கு மறைவாக, ஓர் ஆள் குந்தியிருந்த அளவுக்குப் பனி அமுங்கிக் கிடந்தது.



நாகர்கோவிலிலிருந்து மங்கோலியாவுக்குக் கிறிஸ்தவ ஊழியத்துக்கு வந்த பையன். கம்பளி போர்த்திய வட்டக் கூடாரம்தான் அங்கே வீடு. மரக்கதவு ஒன்று உண்டு. அதற்கு அம்மா கொடுத்தனுப்பிய பூட்டு. திண்டுக்கல் பூட்டென்றால் சும்மாவா, உள்ளங்கை அகலம். அம்மா தோட்டத்துக்குப் போனாலும் வீட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

அவனும் தினமும் இழுத்துப் பார்ப்பான். பிறகு கூடாரம் கூடாரமாகப் போவான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு என் வீட்டுக்கு வாருங்கள் என்பான். எல்லோரும் டீ கொடுப்பார்கள்.

ஒருவரும் வந்ததில்லை.

ஏன் ஆண்டவரே என்று முழங்காலில் நின்று கேட்டிருக்கிறான்.

நேற்றும் அப்படிப் போனபோதுதான் புயலில் மாட்டிக்கொண்டான். கண்ணில் பட்ட முதல் கூடாரத்துக்குள் விழுந்தடித்து நுழைந்தான். ஆளில்லை. கதவு சும்மா சாத்தியிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் வறட்டி, தீப்பெட்டி, கெட்டிலில் உப்புப் போட்ட பால் டீ. அடுப்பைப் பற்றவைத்தான். குடித்தான். அந்த வீட்டார் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கர்த்தர் எனக்கென்று ஆயத்தம் பண்ணிவைத்தார் என்று அழுது ஜெபித்தான்.

ஆயத்தம் பண்ணியது அந்த வீட்டுக்காரி. வழியில் அகப்பட்டவர் எவராவது வருவார் என்று அங்கே எல்லா வீட்டுக்காரிகளும் செய்துவைப்பதுதான். அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை.

இத்தனை மாதம் வீடு வீடாக ஏறி இறங்கியவன், என்னத்தைப் பார்த்தானோ.

வாயால் ஊதி ஊதிக் கையுறையை விடுவித்தான். குன்றுக்கு அந்தப் பக்கம்தான் பக்கத்து வீடு. ஒயூன் வீடு.

ஒயூன் படுத்திருந்தாள். ஆடு தேடி வந்த இடத்தில் புயல். ஒரு காலைத் துணியில் சுற்றியிருந்தார்கள். வெளியே தெரிந்த விரல்கள் குளிரில் செத்துக் கறுத்திருந்தன.

கையுறையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"பூட்டியிருந்தது," என்றாள்.

கோபமே இல்லை. அவனுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வது போலச் சொன்னாள். அவனுக்கு அந்தப் பாஷையில் மன்னிப்புக் கேட்கத் தெரியும். கையுறையை மட்டும் அவள் பக்கத்தில் வைத்தான். அவள் புருஷன் கன்சுக் அவனைத் தோளால் ஒதுக்கிவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

தலைநகரில் மிஷன் பொறுப்பில் இருந்த பாஸ்டர் எபனேசர் போனில் கூப்பிட்டார்.

"தம்பி, பேசாம கெளம்பி இங்க வந்துரு. அங்க இனி உன் பேச்ச யாரு கேப்பா?"

"கேக்காண்டாம் பாஸ்டர். அவங்க வீட்டுக்கு ஆத்துல ஐஸ் வெட்டிக் குடுக்க ஆளில்ல. நான் வரல."

போனை வைத்துவிட்டான்.

மறுநாளிலிருந்து உறைந்த ஆற்றில் கோடரியால் பனிக்கட்டி வெட்டினான். அங்கே குளிர்காலத்துக்குக் குடிதண்ணீர் அதுதான். சறுக்குப் பலகையில் ஏற்றி இழுத்துப் போய் ஒயூன் வாசலில் அடுக்கினான். வறட்டி பொறுக்கிக் குவித்தான். கன்சுக் முகம் கொடுக்கவில்லை. ஒருநாள் அடுக்கியதைக் காலால் எட்டித் தள்ளினான். இவன் திரும்ப அடுக்கினான்.

வீம்பென்றால் வீம்புதான்.

தன் வீட்டிலும் அடுப்பில் வறட்டி அடுக்கி, தீப்பெட்டி வைத்து, டீ போட்டு, கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போனான். உள்ளே பாஸ்போர்ட், லேப்டாப், மிஷன் வாங்கிக்கொடுத்த ஜெனரேட்டர். முதல் சில நாட்கள் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தான். உயிரெல்லாம் அந்தக் கதவிலேயே கிடந்தது.

ஆராதனைக்கு வாருங்கள் என்று இப்போது யாரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிட என்ன மூஞ்சி இருக்கிறது.

சாயங்காலம் வந்து பார்த்தால் கெட்டிலில் டீ உறைந்திருக்கும். உருக்கிக் கொட்டுவான். மறுநாள் புதிதாகப் போடுவான்.

ஒயூன் ஊன்றுகோலோடு எழுந்து நடக்கிற காலம் வந்தது. அப்போதும் அவன் வாசலில் அவன் கால்தடம் மட்டும்தான்.

பிறகு ஒருநாள் மதியம் தாண்டிக் காற்று திரும்பியது. பனி கொட்டத் தொடங்கியது. வெறும் பலகையை இழுத்துக்கொண்டு குனிந்தபடி வீடு வந்தான்.

அவன் வீட்டுப் புகைபோக்கியில் புகை.

ஓடினான். கதவைத் தள்ளக் கை வைத்தவன், கையை எடுத்துக்கொண்டான்.

அந்த நாட்டில் வீடு தேடி வருகிறவர் கதவைத் தட்டமாட்டார். தள்ளி நின்று, நாயைப் பிடியுங்கள் என்று குரல் கொடுப்பார். நாய் இருக்கிறதோ இல்லையோ, உள்ளே வரட்டுமா என்று கேட்கிற விதம் அது.

சொந்த வாசலில் இரண்டடி பின்னால் போய் நின்றான். செருமிக்கொண்டான்.

"நாயைப் பிடிங்க."

உள்ளே பேச்சு நின்றது. ஒரு காலை அழுத்தாமல் வைத்து வைத்து யாரோ கதவுக்கு வந்தார்கள்.

"நாய் இல்ல," என்றாள் ஒயூன். "வா. டீ ஆறுது."