பைக்குள் இருந்த பந்து

ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஓர் ஊரில், ஒரே டப்பாவிலிருந்து வந்த இரண்டு டென்னிஸ் பந்துகள் இருந்தனவாம். அடிபட்டு அடிபட்டு ஒருவன் வழுக்கையாகிவிட்டான். இன்னொருவன் மட்டும் சடையனாகவே இருந்தான்.

பதினெட்டு வருஷம் ஆடி ஒன்பது கோப்பை வாங்கிய செவ்வந்திக்கு அன்றைக்குக் கடைசி ஆட்டம். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் பத்தாவது கோப்பை. அவள் இரண்டு பந்தையும் உற்றுப் பார்த்தாள். வேகமாகப் போவான் என்று வழுக்கையனைக் கையில் வைத்துக்கொண்டு, சடையனைக் கால்சட்டைப் பைக்குள் போட்டாள்.

“உன்னை எங்கடா கூப்பிடப்போறா? தூங்கு” என்றான் வழுக்கையன். சொன்ன வேகத்தில் போய் வலையில் முட்டி விழுந்தான்.

முதல் அடி தவறினால் இன்னொரு வாய்ப்பு உண்டு; அதற்குச் செவ்வந்தி சடையனை வெளியே எடுத்தாள். இவனும் தவறினால் கோப்பை கைநழுவிப் போகலாம். மேலே போட்டு ஓங்கி அடித்தாள். கோட்டோரம் விழுந்து எகிறிய சடையனை எதிராளியால் தொடக்கூட முடியவில்லை.

கூட்டம் ஆர்ப்பரித்துக் கலைந்தது. பின்சுவரில் மோதிய சடையன் உருண்டு உருண்டு வலையடிக்கு வந்து சேர்ந்தான்.

“பயமே இல்லாதவடா அவ” என்றான் வழுக்கையன்.

“உனக்கென்ன தெரியும்? நான் தொடையை ஒட்டி இருந்தேன். கால் கிடுகிடுன்னு ஆடிச்சு.”

“அப்புறம் எப்படிடா அப்படி அடிச்சா?”

“அதான் எனக்கும் புரியலை. என்னைக் கையில எடுத்தப்போ ஒரு விரல்கூட ஆடலை.”

செவ்வந்தி தனியாகத் திரும்பி வந்தாள். குனிந்து சடையனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள்.

“டேய், கால் இன்னும் ஆடுதாடா?” என்று கத்தினான் வழுக்கையன்.

“இப்பத்தான்டா நின்னுச்சு” என்ற குரல் அவளோடு சேர்ந்து வாசலைத் தாண்டிப் போனது.