முன்பக்கப் படம்

"அக்கா, நீ வளைவுல நின்னு கையத் தூக்கு. போன வாரம் மாதிரி தண்ணி லாரிக்குத் தூக்கி மானத்த வாங்காத."

"போடா, பெரிய இவன்."

ஊருக்குள் எப்போதாவது தலைகாட்டும் அபூர்வமான பந்தயக் கார்களைப் படம் பிடிப்பதில் தம்பிக்குப் பைத்தியம். உறுமல் கேட்டதும் அவள் கையைத் தூக்கினாள். எதிர்ப்புறம் அவன் கேமராவோடு மண்டியிட்டான். வளைவில் தறிகெட்ட சிவப்புக் கார் அவளைத் தாண்டிப் போய், அவனை விளக்குக் கம்பத்தோடு வைத்து நசுக்கியது.

சாலையோரப் பள்ளத்தருகே கிடந்த கடப்பாரையை எடுத்து வந்து, ஓட்டியவன் அலற அலற முன்கண்ணாடியில் குத்தினாள். அவன் முகமெல்லாம் ரத்தம். நாலு பேர் அவளை இழுத்தபோது கடப்பாரை கண்ணாடியிலேயே சிக்கி நின்றது.

தம்பியை அடக்கம் செய்தபின் போலீஸ்காரர் கேமராவைத் திருப்பித் தந்தார்.

"கடைசிப் படத்த மட்டும் பாக்காதம்மா."

பார்த்தாள். மோதுவதற்கு முன் தம்பி எடுத்தது. கார் அவனை நோக்கி வருகிறது. முன்கண்ணாடி நொறுங்கியிருக்கிறது. அதில் கடப்பாரை செருகி நிற்கிறது. ஓட்டுபவன் ரத்த முகத்தோடு அலறுகிறான்.

எத்தனை முறை பார்த்தாலும், பின்னால் வளைவில் அவள் கையைத் தூக்கியபடி தம்பியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.