அகழிக்கு அந்தப் பக்கம்

தொண்ணூற்றொன்றில் பொங்கல் முடிந்த கையோடு மாரியின் கால் முறிந்தது. மணிமங்கலத்து வீட்டில் படுத்துக்கிடந்தபோது, அவன் கீப்பராக இருந்த மிருகக்காட்சிசாலையில் பழைய கரடிக்கூண்டை இடித்துவிட்டார்கள். செல்லி என்ற அந்தப் பெண்கரடிக்கு இப்போது மரங்கள், குகை, குட்டை, சுற்றிலும் அகழி.

மாவுக்கட்டைப் பிரித்த அன்றே மாரி பார்க்கப் போனான். அகழியோரம் நின்று, "செல்லீ" என்று கூப்பிட்டான். குட்டியிலிருந்து அவன் கையால் தின்று வளர்ந்த கரடி, மோப்பம் பிடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. புதிய கீப்பர் சுப்பிரமணி பின்கதவருகே வந்ததும் ஓடிப்போய் அவனிடம் மூக்கை நீட்டியது.

மாரிக்கு வயிறு எரிந்தது. சுப்பிரமணி வெளியே வரும்வரை காத்திருந்தான்.

"இன்னா வசியம் வெச்சே? அதுக்குள்ள என்னிய மறந்துடுச்சே."

"எங்கண்ணே மறந்துச்சு? புது எடத்துக்கு வந்ததுலேர்ந்து எதையும் தொடல. நான் கூப்ட்டா குகைய வுட்டு வெளிய வரல. டாக்டரே கைய விரிச்சிட்டாரு. அப்புறம்தான் உங்க வூட்டுக்கு வந்தேன்."

"எப்போ?"

"நீங்க தூங்கிக்கினு இருந்தீங்க. விஷயம் தெரிஞ்சா ஒடைஞ்ச காலோட கெளம்பிடுவாரு, சொல்லாதன்னு அண்ணி சொன்னாங்க. இதக் குடுத்து அனுப்பிச்சாங்க."

சுப்பிரமணி தான் போட்டிருந்த காக்கிச் சட்டையைத் தொட்டுக் காட்டினான்.

"உங்க சட்டைதாண்ணே. துவைக்காம போட்டுக்கினு கீறேன். உங்க மேல இப்ப தைல வாசனைதான் வருது."

 மாரி தன் வெள்ளைச் சட்டையின் பொத்தான்களை அவிழ்த்தபடியே சொன்னான்:

"அதக் கழட்டு."