சோளக்காட்டு வழி

போடியில் ஓவியம் கற்பிக்கும் முத்துப்பிரியா, கணவன் ஈஸ்வரனிடம் கைப்பேசியில் ஐரோப்பாவின் ஒரு பழைய பிளெமிஷ் ஓவியத்தைக் காட்டினாள். "முன்னாடி பழுப்பு, நடுவுல பச்சை, கடைசியில நீலம். அதான் மலை அம்புட்டுத் தூரத்துல தெரியுது. சாமியைக் கண்டுபிடிங்க மாமா!"

காலையில்தான் மக்காச்சோளம் விதைத்துவிட்டு வந்தவன் அவன். விரலில் விதைமருந்தின் சிவப்பு இன்னும் போகவில்லை. "இந்தா, கழுதையில கைப்பிள்ளையோட ஒரு பொம்பள. சாமியை இத்துனூண்டா வரைஞ்சவன் கஞ்சப்பயலா?"

"மரியா! பிள்ளையைக் கொல்ல ராசா ஆளுங்க துரத்துறாங்க. அவ கடந்து போனதும், அன்னைக்கு விதைச்ச கோதுமை அப்பவே விளைஞ்சிருச்சு. 'விதைக்கையில போனாங்க'ன்னு விவசாயி உண்மையைத்தான் சொல்றான். எப்பவோ போயிட்டாங்கன்னு நெனச்சு ஆளுங்க திரும்பிட்டாங்க!"

ஈஸ்வரன் முகம் மாறியது. "காலையில நம்ம காட்டுலயும் கைக்குழந்தையோட ஒரு புள்ள மலைக்கு வழி கேட்டுச்சு. அண்ணன்மாரு வெட்ட வர்றாங்கன்னு அழுதுச்சு."

வாசலில் ஜீப் நின்றது. அரிவாளோடு இறங்கியவர்கள் அந்தப் பெண் எங்கே என்று கேட்டார்கள்.

"சோளம் விதைக்கையில போச்சு" என்றான் ஈஸ்வரன்.

அவர்கள் வாசலுக்கு எதிரே இருந்த அவன் காட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். "கதிரு முத்திக் கெடக்கு. எந்தக் காலத்துக் கதையைச் சொல்றான் பாரு!"

ஜீப் வந்த வழியே போனது. முத்துப்பிரியா வெளியே ஓடினாள். மக்காச்சோளம் ஆளுயரத்துக்கு நின்றது. காற்றே இல்லை. பயிருக்கு நடுவே ஒரே ஒரு வரிசை மட்டும் அசைந்து அசைந்து மலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.