தெருக்குத்துப் பிள்ளையார்

“மச்சான், தொந்தி பெருசா இருக்கணும். அம்மா கறாராச் சொல்லிவிட்டிருக்கு” என்றான் அருள்பாண்டி.

“பெருசுதான் மாப்ள. நான் பார்த்து வச்சிருக்கேன்” என்றான் சிவக்குமார், இரவல் வாங்கிய லோடு ஆட்டோவை ஓட்டிக்கொண்டே.

பேரையூர் தாண்டி வண்டி போய்க்கொண்டிருந்தது. மச்சானும் மாப்பிள்ளையும் பட்டப்பகலில் பிள்ளையார் திருடப் போகிறார்கள்.

சிவக்குமார் கணக்கு வாத்தியார். பக்கத்து வீட்டு முருங்கையில் ஒரு கொத்துக் கீரை ஒடிப்பதென்றாலும் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு ஒடிக்கிற ஆள். அவனுக்கு வந்த வினை, திருப்பரங்குன்றம் பக்கம் புதுக் காலனியில் கட்டிய வீடு. தெரு நேராக வந்து அவன் வாசலில்தான் முட்டி நின்றது. தெருக்குத்து என்று பார்த்தவர்களெல்லாம் பயமுறுத்தினார்கள். குடிபோன கொஞ்ச நாளிலேயே மனைவி சரண்யாதேவிக்குக் கரு கலைந்தது.

இப்போது மறுபடி உண்டாகி, அம்மா வீட்டில் இருக்கிறாள். தெருவைப் பார்த்து ஒரு பிள்ளையார் உட்காராமல் அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மாமியார் அதற்கும் மேலே போனாள். காசு கொடுத்து வாங்கிய பிள்ளையார் கூடாதாம், திருடிக்கொண்டு வந்தவருக்குத்தான் சக்தியாம். மருமகனின் லட்சணம் தெரிந்தவள் என்பதால், திருட்டுக்குச் சாட்சியாக மகன் அருள்பாண்டியையும் கூடவே ஏற்றிவிட்டிருந்தாள்.

சிவக்குமாருக்குச் சாமி, சக்தி எதுவும் பெரிதில்லை. மனைவி வீட்டுக்கு வந்தால் போதும் என்றிருந்தது.

“தொந்தி வச்ச சாமிதான் மச்சான் நல்ல மனசுக்காரச் சாமி” என்றான் அருள்பாண்டி. “பிள்ளையாரைப் பாருங்க, குபேரனைப் பாருங்க. சீனாக்காரன் சாமி ஒண்ணு கடைக்குக் கடை வயித்தைத் தள்ளிக்கிட்டுச் சிரிக்குதே, அதைப் பாருங்க. ஒல்லிச் சாமிக்குத்தான் கோபம் ஜாஸ்தி.”

கண்மாய்க் கரை வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தியதும் சிவக்குமாருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆள் நடமாட்டமே இல்லாத இடம் என்று அவன் நம்பியிருந்த இடத்தில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருந்தது. பிள்ளையாரின் தொந்தி நிறையச் சந்தனம், இடுப்பில் புது வேட்டி, முன்னால் ஒரு தட்டுக் கொழுக்கட்டை. ஒரு பெண் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“வாங்கண்ணே, கும்பிட வந்தீகளா? அங்கிட்டு அந்தா தெரியுதே, அதான் எங்க ஊரு. தங்கப்பொண்ணுன்னு கேட்டா யாரும் சொல்லுவாக.”

“இங்க பூசையெல்லாம் நடக்குதாம்மா?” என்று கேட்டான் சிவக்குமார்.

“இப்பத்தேண்ணே. இம்புட்டு நாளா இவரு எங்க கண்ணுலயே படல பாருங்க. எம்மக பிரசவ வலியில உசுருக்குப் போராடிக்கிட்டு ஆஸ்பத்திரியில கெடக்கா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஆடு தேடி வந்தவ இவரைப் பார்த்துட்டு அப்படியே விழுந்துட்டேன். தாயும் பிள்ளையும் நல்லாருக்குதுகண்ணே. இப்ப ஊரே வருது.”

அவள் ஒரு கொழுக்கட்டையை இலையில் வைத்து அவனிடம் நீட்டினாள். “வீட்ல மாசமா இருக்கவுக இருந்தா இதைக் குடுங்க. ஒரு கொறையும் வராது.”

சிவக்குமாருக்குக் கண் கலங்கியது. தங்கப்பொண்ணு குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு இறங்கினாள்.

“அந்தம்மா போயிருச்சு. சட்டுனு ஒரு கை பிடிங்க மச்சான்!”

சிவக்குமார் தொந்தியில் கைவைத்தான். பிறகு சந்தனம் ஒட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

“வேணாம் மாப்ள. இது திருட்டாயிரும்.”

“திருடத்தானே மச்சான் வந்தோம்?”

சிவக்குமார் போய் வண்டியில் ஏறிவிட்டான்.

திரும்பும் வழியில் மச்சானின் முகத்தைப் பார்க்க அருள்பாண்டிக்கே பாவமாக இருந்தது. “விடுங்க மச்சான். காசு கொடுத்தே ஒண்ணு வாங்கிருவோம். திருடினதுதான்னு அம்மாகிட்ட நான் சத்தியம் பண்றேன். அக்கா வந்தாச் சரி.”

திருப்பரங்குன்றத்தில் ஒரு சிற்பப் பட்டறை தெரிந்ததும் அவன் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

“இந்தப் பட்டறை வேணாம் மாப்ள” என்று சிவக்குமார் பதறினான். அதற்குள் அருள்பாண்டி இறங்கி உள்ளே போய்விட்டான். வேறு வழியில்லாமல் சிவக்குமாரும் பின்னால் போனான்.

அவனைக் கண்டதும் சிற்பி உளியை வைத்துவிட்டு எழுந்தார். “வாங்க சார்! போன வாரம் கொண்டுபோனீங்களே தொந்திப் பிள்ளையார், சௌக்கியமா இருக்காரா?”

அருள்பாண்டி திரும்பி மச்சானைப் பார்த்தான்.

“கண்மாய்க் கரையில வச்சிருந்தேண்ணே, திருடு போயிட்டாரு” என்றான் சிவக்குமார்.